நிமிஷத்துக்கு நாற்பது மீட்டர்

தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், அலச மறந்துவிட்டேன். சுத்தத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை. அதிலேயே பாலிமர் கரைசலையும் ஊற்றினேன். துணியில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசுவது அது. தண்ணீரில் கலக்கிய சரக்கு, பார்க்கப் பால் மாதிரி இருக்கும். சோப்பு அதற்கு எமன். சோப்பு பட்ட துணி தண்ணீரை விரட்டாது, உள்ளே வா என்று உபசாரம் செய்யும். பதினோரு வருஷமாகக் கலவை போடுகிற எனக்கு இது தெரியாமலில்லை. தெரிந்தே கோட்டை விடுவதற்குத்தான் அனுபவம் வேண்டியிருக்கிறது.

இருநூறு மீட்டர் துணி ஓடியதும் நானே கண்டுபிடித்து, நானே போய் மேனேஜரிடம் சொன்னேன். அந்தத் துணியை வெட்டி ஒதுக்கினார்கள். தொட்டியை மூன்று தடவை அலசிப் புதுக் கரைசல் ஊற்றினேன். அதில் ஓடிய நாலாயிரம் மீட்டர் மழைக்கோட்டாகித் தெருக் கூட்டுகிறவர்களுக்குப் போனது.

என் அக்காவும் தெருக் கூட்டுகிறவள்தான். மழை பிடித்த மூன்றாம் நாள் வந்து, தன் கோட்டை என் வாசலிலேயே பிழிந்தாள்.

“உங்க கம்பெனிக் கோட்டுதானே? என்னைவிட இதுக்குத்தான்டா தாகம்.” சொல்லிவிட்டு இருமினாள். “எங்க கூட்டத்துல பன்னெண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடக்கா.”

“என் சோப்பு வேலையா இருக்குமோ என்னவோக்கா.”

“உன்னாலன்னா உன்னைத் திட்டித் தீர்த்துட்டுப் போறேன். இல்லேன்னா யாருன்னு கேட்டுட்டு வா. காய்ச்சல் எங்களுக்கு, சந்தேகம் உனக்கா?”

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். எல்லாக் குறைக்கும் என் சோப்புதான் காரணமாம்.

“அந்த இருநூறு மீட்டரை வெட்டியாச்சே சார்.”

“சோப்பு சோப்புதானப்பா. வேலை போகாது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

படிக்காமல் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். இதைப் படித்தேன். காது மடல் சுட்டது. பன்னிரண்டு பேர் காய்ச்சலையும் என் தலையில் கட்டிவிட்டு, வேலை போகாது என்று தட்டிக்கொடுக்கிறார். தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கிடங்கில் கோட்டுக்கு வெட்டியது போக மிச்சத் துணி கிடந்தது. இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றுக்கு மட்டும், பேக்கிங் ரூம் இஸ்திரிப் பெட்டியால் நல்ல சூடு கொடுத்தேன். இரண்டின் மேலும் தண்ணீர் ஊற்றினேன். சூடு பட்டதில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மற்றது ஊறிப்போனது.

ஆக, கலவையில் குறையில்லை. பூசிய துணி சூட்டு மெஷினுக்குள் மெதுவாக ஊர்ந்தால்தான் பாலிமர் நூலைப் பிடித்து இறுகும். யாரோ விரட்டியிருக்கிறார்கள்.

இரண்டு துண்டையும் லேப் மேடத்தின் மேஜையில் போட்டேன். துணி தேறியது என்று எழுதியவர் அவர்.

“மேனேஜரைக் கேளுங்களேன்.”

“கேட்டாச்சு மேடம். அவர் பேனாவை நீட்டுறார்.”

“எனக்கு ரிப்போர்ட் வேலை கிடக்கு.”

“எங்க அக்காவுக்கு மூச்சு வாங்குது. எனக்கு ஒரே ஒரு பதில் போதும். என் சோப்பா, இல்லையா?”

அவர் ஊறிய துண்டைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இல்லை. நிமிஷத்துக்கு இருபது மீட்டர் ஓட வேண்டிய மெஷினை நாற்பதுல ஓட்டினாங்க. லாரி காத்திருக்குன்னு மேனேஜர்தான் வேகத்தைக் கூட்டச் சொன்னார். சோதனையில துணி நனைஞ்சது. நான் அதைப் பார்த்துட்டுத்தான் தேறினதா எழுதினேன்.”