பெல்ச்சர் ஓடையில் பிடித்த மீன்

டெல்ஃபிம் ரெசெண்டிஸ் மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கவில்லை. தூக்கினால் பளபளப்பு தெரியும். டிசம்பர் மாதத்துச் சாம்பல் வெளிச்சத்திலும் பாலத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். வலைக்குள்ளேயே புரட்டி, முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் கட்டைவிரலை வைத்துத் தடவினான். ட்ரவுட் மீனுக்கு அந்த இடத்தில் நகத்தளவு ஒரு துடுப்பு இருக்கும். இதற்கு இல்லை. ஆறிப்போன தழும்பு மட்டும் வழவழவென்று இருந்தது. பண்ணையில் குஞ்சாக இருக்கும்போதே அடையாளத்துக்காகக் கத்தரித்து, லாரியில் கொண்டுவந்து இதே டாமன் ஓடையில் விட்ட மீன். விடும்போது விரல் நீளம்தான், பழுப்பாக, ஒரு அழகும் இருக்காது. அது கடலுக்குப் போய் இரண்டு வருஷம் தின்று கொழுத்து, வெள்ளி நிறமாகி, விட்ட ஓடையைத் தேடிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. இருபத்துமூன்று அங்குலம். டெல்ஃபிமுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் இது ஐந்தாவது.

பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. மீனை விட்டான். தூண்டில் கம்பை நாணலுக்குள் செருகினான். அங்கே தயாராகச் சாய்த்து வைத்திருந்த சிப்பி வாரியை எடுத்துச் சேற்றைக் கிளற ஆரம்பித்தான். எல்லாம் பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. அவ்வளவு பழக்கம்.

வந்தது வேறு யாருமில்லை, மனைவி இல்டாவின் தம்பி ஆர்லிண்டோ. மீன் இலாகாவில் வேலை. இந்த ஓடையில் மீன் விடுகிற திட்டமே அவன் மேலதிகாரிகளிடம் பத்து வருஷம் மன்றாடி வாங்கியதுதான்.

"என்ன அத்தான், சிப்பியா?"

"ஆமா மாப்ள. ஒண்ணும் தேறல. வெறும் சேறு."

"தூண்டில் போடுறவங்க யாராச்சும் தட்டுப்பட்டாங்களா?"

"இந்தக் குளிர்லயா? எவன் வருவான்?"

ஆர்லிண்டோ கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தண்ணீரையே பார்த்தான். "இருக்கு அத்தான். இங்க மீன் இருக்கு, இருந்தே ஆகணும். இவ்வளவு குளுந்த ஊத்துத் தண்ணி இந்தக் கரை முழுக்க வேற எங்க இருக்கு? வராம எங்க போகும்?"

"கடல்நாய் தின்னுருக்கும்" என்றான் டெல்ஃபிம். சொல்லும்போது நாக்கு கூசத்தான் செய்தது. கூசி என்ன பிரயோஜனம், சொல்லியாகிவிட்டதே.

டாமன் ஓடைக்கு வருகிறவர்கள் மொத்தம் பதினைந்து பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் பொய்யர்கள், அதையே ஒரு கௌரவமாக வைத்திருக்கிறவர்கள். வண்டியை அரை மைல் தள்ளித் தேவாலய வாசலில் நிறுத்துவார்கள். திரும்பும்போது பூட்ஸில் ஒட்டிய கருஞ்சேற்றைக் கழுவிவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்த நிறச் சேறு வேறு எங்கும் கிடையாது. ஒருவரை ஒருவர் ஓடையில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. எப்போதாவது கையில் மீனோடு மாட்டிக்கொண்டு, எங்கே பிடித்தாய் என்று எவனாவது கேட்டுவிட்டால் பதினைந்து பேருக்கும் ஒரே பதில்தான்: பெல்ச்சர் ஓடை. அது எட்டு மைல் தள்ளி, கிரான்பெர்ரித் தோட்டங்களின் வடிகாலாக ஓடுகிறது. ஊற்று கிடையாது. ஜூலையில் காலை வைத்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வெதுவெதுவென்று இருக்கும். ட்ரவுட் அங்கே ஒரு கோடையைத் தாண்டாது. கேட்டவன் அங்கே போய் ஒரு நாள் முழுக்க நின்று ஏமாந்து வரட்டும் என்பதுதான் எண்ணம். டெல்ஃபிமின் அப்பா அசோர்ஸ் தீவிலிருந்து வந்த புதிதில் இரண்டு வருஷம் அப்படி ஏமாந்தவர். பிறகு அவரும் மற்றவர்களிடம் அதையே சொன்னார்.

டெல்ஃபிம் வீடு வீடாகப் போய்க் கழிவுத்தொட்டி உறிஞ்சுகிற லாரி ஓட்டுகிறான். அவன் வந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள், முடிந்ததும் தூரத்தில் நின்றே நன்றி சொல்வார்கள். நாற்பத்தேழு வயதில் அவனுக்கென்று இருப்பது அந்த ஓடை மட்டும்தான். கடலேற்றம் தணிந்து நீர் வடிகிற நேரத்தில், வெள்ளியாக ஒன்று கம்பை வளைக்கும்போது, தான் யார் என்பதே அவனுக்கு மறந்துபோகும். அதைப் போய் ஊருக்குச் சொல்லிப் பங்கு போட எவனுக்கு மனசு வரும்?

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்லிண்டோ மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். இல்டா கீரை சூப்பில் காரத் தொத்திறைச்சி போட்டிருந்தாள். அவன் கரண்டியைப் போட்டு அளைந்துகொண்டே இருந்தான்.

"என்னடா, உப்பு கம்மியா?" என்றாள் இல்டா.

"திட்டத்தை நிறுத்தப் போறாங்க அக்கா. ஆறு வருஷமா மீன் விடுறோம். தூண்டில் கடை தூண்டில் கடையா அஞ்சலட்டை வச்சோம். வெட்டுத் துடுப்பு மீன் கிடைச்சா தேதி, நீளம், ஓடை பேரு எழுதிப் போடுங்க, ஸ்டாம்புகூட வேணாம்னு. மொத்தம் மூணு அட்டை வந்துருக்கு. அதுல ஒண்ணு, கடல்கன்னி பிடிச்சேன், அஞ்சரை அடி, துடுப்பு வெட்டலைன்னு."

இல்டா சிரித்துவிட்டாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பிப்ரவரி கடைசிக்குள்ள அட்டை வரலைன்னா, மீன் எல்லாம் உள்நாட்டுக் குளத்துக்குப் போயிரும். டாமன் ஓடைக்கு ஒரு குஞ்சுகூட வராது. அதோட முடிஞ்சுது." அவன் டெல்ஃபிமைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்தான். "யாராச்சும் பிடிச்சிருந்தா எழுதலாம். பிடிச்சிருந்தா."

டெல்ஃபிம் கரண்டியைக் கீழே வைத்தான். குஞ்சு விடாவிட்டால் இன்னும் இரண்டு குளிர்காலம், அதற்குமேல் ஓடையில் வெறும் தண்ணீர்தான்.

மறுநாளே க்ரோவல் கிழவரைத் தேடிப் போனான். ஓடைக்கு வருகிறவர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர். கொட்டகையில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் பூச்சி மாதிரி இறகு கட்டிக்கொண்டிருந்தார். டெல்ஃபிம் விஷயத்தைச் சொன்னான்.

"நான் எங்கப்பா மீன் பிடிச்சேன்? எனக்குக் கிடைக்கறதெல்லாம் சளிதான்" என்றார் அவர்.

"என்கிட்டயுமா? போன மாசம் நீங்க ரெண்டு பிடிச்சு விட்டதை நான் நாணலுக்குப் பின்னால இருந்து பாத்தேன்."

"பாத்தியா? சரி, பாத்துட்ட." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எழுதலாம். தப்பில்ல. ஆனா டாமன் ஓடைன்னு போட்ட மறுவாரம் பேப்பர்காரன் எழுதுவான். போஸ்டன்லேர்ந்து அறுபது வண்டி வரும். நின்னு ஒண்ணுக்குப் போக இடம் இருக்காது. அப்புறம் மீன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

டெல்ஃபிம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். உண்மையில் அவன் கேட்க விரும்பியதும் அதைத்தான்.

ஆனாலும் அன்று சாயங்காலம் தூண்டில் கடையில், கடைக்காரி திரும்பி நின்ற சமயம், பெட்டியிலிருந்து ஐந்து அட்டைகளை உருவிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். இலவசமாக வைத்திருப்பதைத் திருடினான், பாருங்கள். லாரியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் வைத்து எழுதினான். தேதி, உண்மை. நீளம், உண்மை. ஓடையின் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. வெளியே ஒருவன் நாயோடு நடந்து போனான். அவன் எட்டிப் பார்த்துவிடுவானோ என்று டெல்ஃபிம் அட்டையை மூடிக்கொண்டான். பிறகு யோசித்தான். இலாகாவுக்கு என்ன வேண்டும்? மீன் கடலிலிருந்து திரும்பி வருகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே. எந்த ஓடை என்பதா முக்கியம்? விட்டவன் ஆர்லிண்டோ, எங்கே விட்டான் என்று அவனுக்குத் தெரியாதா? கை தன்பாட்டுக்கு எழுதியது. பெல்ச்சர் ஓடை. ஐந்து அட்டையிலும் அதையே எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல வீட்டுக்குப் போனான். அன்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தான், மடையன்.

மார்ச் முதல் வாரத்தில் ஆர்லிண்டோ லாரிக் கொட்டகைக்கே வந்தான். டெல்ஃபிம் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான். வந்தவன் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் பக்கத்தில் வந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு அட்டைக் கட்டை லாரியின் படியில் வைத்தான்.

"முப்பத்தோரு அட்டை அத்தான். ஆறு வருஷமா வராதது ஒரே மாசத்துல."

"அட! நல்லதாப் போச்சே மாப்ள!"

"அத்தனையும் பெல்ச்சர் ஓடை."

குழாயிலிருந்து தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றில் ஐந்து போனால் மீதி இருபத்தாறு. டெல்ஃபிமுக்கு ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. க்ரோவல். தச்சு வேலைக்காரர்கள் இரண்டு பேர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். எல்லோரும் ரகசியமாகத்தான் எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

"எங்க இலாகாப் பெரியவர் என்ன கேக்குறாரு தெரியுமா? நீ ஒரு ஓடையில விட்ட, அது இன்னொரு ஓடைக்குப் போகுது, மீனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையான்னு. ஏப்ரல்லேர்ந்து குஞ்செல்லாம் பெல்ச்சர்ல விடணுமாம். அங்க தண்ணி சூடாயிரும், செத்துரும்னு சொன்னேன். அப்ப இந்த முப்பத்தொண்ணு எப்படிப் பொழைச்சுதுன்னு கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்ல?" அவன் ஒரு அட்டையை உருவி நீட்டினான். "இந்த ஏழுல நடுவுல ஒரு கோடு இருக்கே. இப்படி எழுதறவங்க இந்த ஊர்ல யாரு அத்தான்?"

டெல்ஃபிம் குழாயை மூடினான்.

"எனக்குக் கோவம் இல்ல. சனிக்கிழமை காலையில டவுன் ஹால்ல கூட்டம். பெரியவரும் வர்றாரு. எந்திரிச்சு, நான் டாமன் ஓடையில பிடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒருத்தர் சொன்னாப் போதும், நான் பாத்துக்கறேன்."

"சொல்றேன் மாப்ள. சத்தியமா."

அந்த நிமிஷத்தில் அவன் மனசறிந்துதான் சொன்னான்.

சனிக்கிழமை டவுன் ஹாலில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆர்லிண்டோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்று வரைபடம் காட்டினான், ஊற்றுகளைக் காட்டினான், தண்ணீரின் வெப்ப அளவுகளை வாசித்தான். கடைசியில் தாளைக் கீழே வைத்தான்.

"டாமன் ஓடையில ஒரே ஒரு வெட்டுத் துடுப்பு மீன் பிடிச்சவங்க யாராச்சும் இருந்தா, தயவுசெஞ்சு கையைத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. க்ரோவல் தன் தொப்பியின் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆர்லிண்டோ கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு டெல்ஃபிமை மட்டும் பார்த்தான். பக்கத்தில் இல்டா முழங்கையால் இடித்தாள். டெல்ஃபிமின் கை எழும்பத்தான் செய்தது. அதே நேரம் அந்தப் பெண் பேனா மூடியைக் கழற்றினாள். அறுபது வண்டி, என்று அவனுக்குள் ஓடியது. வேறு எவனாவது தூக்குவான், என்றும் ஓடியது. எழுந்த கை காது வரைக்கும் போய், காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"நன்றி" என்றான் ஆர்லிண்டோ.

வண்டியில் ஏறியதும் இல்டா சொன்னாள்: "அவன் உங்களைப் பெத்த அப்பன் மாதிரி நெனைச்சான்." அதற்குப் பிறகு பல நாள் அவள் சாப்பாட்டைப் போட்டாளே தவிர பேச்சுக் கொடுக்கவில்லை.

அந்தப் பத்திரிகைக்காரப் பெண் எழுதியதும் அச்சில் வந்தது. ஒரே ஓடை, முப்பத்தொரு மீன். ஏப்ரலில் பெல்ச்சர் ஓடைக்குக் குஞ்சு லாரி வந்த அன்று, பாதையின் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. புதுப் பூட்ஸ் போட்டவர்கள், காப்பிக் குடுவையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்று திருவிழாக் கூட்டம். லாரியின் மேலே நின்று ஆர்லிண்டோ குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். டெல்ஃபிம் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியாது, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

"இங்க விடாதீங்க!" என்று கத்தினான். "ஜூலை வந்தா எல்லாம் செத்துரும்! இங்க மீனே கிடையாது. எல்லாம் டாமன் ஓடைதான்! நான் பிடிச்சேன், இத்தனை வருஷத்துல என் கையால பதினாலு பிடிச்சேன், எல்லாம் டாமன் ஓடையில!"

மொத்தக் கூட்டமும் சிரித்தது.

"நல்லாத்தான்யா கிளப்பி விடுற!" என்றான் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன். "நாங்க எல்லாம் டாமனுக்கு ஓடணும், நீ இங்க தனியா நின்னு அள்ளணும். அதானே?"

"எங்கப்பாவும் இதே ஆட்டம்தான் ஆடுவாரு" என்றான் இன்னொருவன்.

டெல்ஃபிம் சுற்றிலும் பார்த்தான். ஓரத்தில் க்ரோவல் நின்றுகொண்டிருந்தார். "க்ரோவல், நீங்க சொல்லுங்க! நீங்களும்தானே பிடிச்சீங்க!"

கிழவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "டாமன்லயா?" என்றார் சாவகாசமாக. "அங்க வெறும் சேறுதாம்ப்பா."

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. யாரோ டெல்ஃபிமின் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அவன் அந்தக் கையை உதறிவிட்டு லாரியடியில் போய் நின்று அண்ணாந்தான்.

"மாப்ள. நீயாச்சும் சொல்லு. இப்ப உண்மையைத்தான் சொல்றேன்."

ஆர்லிண்டோ திருகியைப் பிடித்தபடி குனிந்து பார்த்தான். முகத்தில் கோபமோ வேறு எதுவுமோ இல்லை.

"டாமன்னு எழுதின ஒரு அட்டைகூட என்கிட்ட இல்லையே அத்தான்" என்றான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும்."

திருகியைத் திறந்தான். குழாய் ஒரு தடவை துள்ளி, நுரையும் குஞ்சுகளுமாகக் கொட்டியது. ஜனங்கள் கை தட்டினார்கள். விழுந்த வேகத்தில் குஞ்சுகள் மூலைக்கொன்றாகச் சிதறிச் சுழன்றன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தெளிந்து, அசையாத அந்தப் பழுப்புத் தண்ணீரில் ஒரே பக்கமாக மூக்கைத் திருப்பி வரிசை கட்டி நின்று, எங்கிருந்தாவது குளிர்ந்த நீர் வருகிறதா என்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.