உப்பு தின்ற வண்டி

வண்டியைப் பார்த்ததும் லுயாண்டோவுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். மாமரத்தடியில் அது நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அவள் கணவன் முன்சகா ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குக் கிளம்புமுன் முகம் தெரிகிற மாதிரி துடைத்து வைத்த நீலப் பிக்கப் அது. இன்று அதில் நீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கதவுக்கு அடியில் துரு தின்ற ஓட்டை வழியாக ஒரு கோழி உள்ளே போனது. இன்னொன்று ஓட்டுநர் இருக்கையில் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, வண்டி பாக்கக் கூப்பிட்டீங்களா, முட்டை வாங்கக் கூப்பிட்டீங்களா?" என்றார் முலேயா.

முலேயா மொன்சே சந்தையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். வண்டி தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்ல அவள் கூட்டிவந்தவர். அவர் குலத்துக்கும் இந்த வீட்டுக் குலத்துக்கும் கேலிமுறை. சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வைதுகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"வாய்யா அடிமை, மொதல்ல எஞ்சினப் பாரு, அப்புறம் பேசு" என்றான் லாஸ்டன். முன்சகாவின் அக்கா மகன். இன்றைய தேதியில் வண்டி அவனுடையது.

"யாருடா அடிமை? உன் தாத்தன என் தாத்தன் ஒரு கூடை கம்புக்கு வாங்கினாரு. சரக்கு சரியில்லன்னு திருப்பித் தரப் போனா, உங்க ஆளுங்க வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க" என்றபடி முலேயா பானெட்டைத் தூக்கினார். கீல் உடைந்து அது அவர் கையோடு வந்தது.

லுயாண்டோ சிரிக்கவில்லை. லாஸ்டனின் அம்மா குடிசை நிழலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். முறைப்படி கைதட்டி வணங்கி நலம் விசாரித்தாயிற்று. குடிக்கக் கொடுத்த சிப்வாந்து என்ற சோளக் கஞ்சி குவளையில் அப்படியே இருந்தது. இந்த வீட்டுத் தண்ணீர் அவளுக்குத் தொண்டையில் இறங்காது.

மூன்று வருடத்துக்கு முன், முன்சகாவைப் புதைத்த நான்காம் நாள், சொந்தக்காரர்கள் கூடிப் பேசி லாஸ்டனைப் பாயில் உட்காரவைத்தார்கள். இறந்தவன் பெயரை அவன் தின்றான். இங்கே சொத்தும் பெயரும் பிள்ளைகளுக்குப் போவதில்லை, அக்கா மகனுக்குத்தான் போகும். பெயரைத் தின்றவன் அன்றிலிருந்து இறந்தவனேதான். ஒரு பெரியவர் அவள் மகள் சூல்வேயின் கையைப் பிடித்து, "அழாத, உன் அப்பன் எங்கயும் போகல, இதோ உக்காந்திருக்கான்" என்றார். ஆறு வயசுக் குழந்தை. நம்பிவிட்டது. ஓடிப்போய் அவன் மடியில் உட்கார்ந்தது. லாஸ்டன் அதன் தலையைத் தடவிவிட்டு எழுந்தான், ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தான், போனான். போனவன்தான். பெண்ணுக்குக் காய்ச்சலா, சாப்பாடா, செருப்பு இருக்கிறதா என்று ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பாவி மகள் ஒரு வருடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை நினைத்தால் லுயாண்டோவுக்கு இன்றும் வயிறு எரியும். வண்டி வாங்கிய பணத்தில் பாதி அவள் தக்காளி விற்ற பணம், அதுவும் எரியும். ஆனால் பெண்ணை ஏமாற்றியதுதான் அதிகம் எரியும்.

பிறகு எதற்கு வந்தாள்? தக்காளிக்காக வந்தாள். வாடகை வண்டிக்காரன் வருகிறேன் என்ற நாளில் வரவில்லை, போன மாதம் நாற்பது பெட்டி சாலையோரத்திலேயே அழுகிப்போயிற்று. அடுத்த காய் பத்து நாளில் பழுக்கும். அதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு யார் வீட்டிலாவது துணி துவைக்கப் போக வேண்டியதுதான். கையில் இருக்கிற காசுக்கு நல்ல வண்டி கிடைக்காது. இந்தப் பாழாய்ப் போனதுதான் கிடைக்கும்.

முலேயா அடியில் படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மொத்தையாகக் கேட்டது. பிறகு எழுந்து பின்தட்டில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது பிடிவரை உள்ளே போய்விட்டது.

"டேய், இதுல மீனா ஏத்துன?"

"கொஞ்ச நாள்."

"கரீபா ஏரியிலருந்து கபென்டா மீனு, உப்புப் போட்டது. உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட. ஒரு நாளாவது நல்ல தண்ணி ஊத்திக் கழுவுனியா?"

"அதான் மழை பெய்யுதே."

லுயாண்டோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். மழை பெய்கிறதாம். அவள் கணவன் ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் தூங்கமாட்டான்.

பேட்டரியை லாஸ்டன் எப்போதோ விற்றுத் தின்றிருந்தான். முலேயா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பழைய பேட்டரியை மாட்டினார். அடைகாத்த கோழியை முட்டையோடு இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, உதறியது, பிறகு ஓடியது. எண்ணெய் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. அணைத்துவிட்டு அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, உடம்பு போயிடுச்சு, உசிரு இருக்கு. உன் வீட்டுக்காரன் நல்லாப் பழக்கி வச்ச எஞ்சின், அந்த மடையனால கெடுக்க முடியல. சட்டத்துல ஒரு எடம் பத்தவைக்கணும், பின்தட்டு புதுசாப் போடணும். வாங்கலாம்."

தேறாது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். வாங்கலாம் என்றதும் ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று. தன் வண்டியைத் தானே காசு கொடுத்து வாங்குவதா?

"என்ன அத்தை, புடிச்சிருக்கா? இருபத்தஞ்சாயிரம் குவாச்சா. வெளியாளுக்கு முப்பது. நீங்க நம்ம வீட்டு ஆளு" என்றான் லாஸ்டன்.

"வெளியாளு எவன் வாங்குனான்? மூணு பேரு வந்தானுங்களாம். வெள்ளைப் புத்தகம் எங்கன்னு கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காம ஓடுனானுங்களாம்" என்றாள் லுயாண்டோ.

வண்டி இன்னாருடையது என்று சொல்லும் வெள்ளைப் புத்தகம் அவளிடம் இருந்தது. சாவு வீட்டில் பாத்திரம் பண்டம் எல்லாம் கைமாறிக்கொண்டிருந்தபோது அதைச் சோளமாவு டிரம்மின் அடியில் போட்டு வைத்துவிட்டாள். சாவியை எடுக்கத் தெரிந்தவனுக்குப் புத்தகத்தைக் கேட்கத் தெரியவில்லை. அதனால்தான் இன்று அவளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறான்.

லாஸ்டனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. மார்பில் தட்டிக்கொண்டான்.

"புத்தகத்துல யாரு பேரு இருக்கு? முன்சகா. அந்தப் பேரத் தின்னது யாரு? நான்! நாந்தான் முன்சகா. என் வண்டிய நான் விக்கிறேன், எவன் கேக்குறது?"

பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்துப் பதினெட்டில் முடிப்பது என்று அவள் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் கணக்கு அங்கேயே நின்றது. அவனை விட்டுவிட்டு நிழலுக்குப் போனாள், நாத்தனார் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மதினி, கேட்டீங்களா உங்க மகன் பேசுனத? அவன்தான் முன்சகாவாம். சரி. முன்சகான்னா என் வீட்டுக்காரன். எந்த ஊருல புருசன் பொண்டாட்டிக்கு வண்டி விக்கிறான்? முன்சகான்னா சூல்வேக்கு அப்பன். மூணு வருசமா அந்தப் புள்ளைக்கு ஒரு செருப்பு? ஒரு நோட்டு? கூரை ஒழுகுறப்ப எங்க போயிருந்தாரு எங்க முன்சகா? பேரத் தின்னவரு பாரத்தையும் தின்னணும் மதினி. உப்பத் தின்னா தண்ணி குடிக்கணும். முடியாதுன்னா இப்பவே கக்கச் சொல்லுங்க. நான் போயி பெரியவங்களக் கூட்டிட்டு வர்றேன், ஊரு பாக்கக் கக்கட்டும்."

"அத்தை, அதெல்லாம் எதுக்கு இப்ப..." லாஸ்டனின் குரல் இறங்கிவிட்டது. தின்ற பெயரைக் கக்கியவனை ஊர் சிரிக்கும். பெயரோடு வந்த எட்டு மாடும் போகும்.

அவன் அம்மா சோளத்தை உதிர்ப்பதை நிறுத்தினாள். முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் பேசுற. நான் ஒண்ணு கேக்குறேன். மூணு வருசமா நீ இவன என்னன்னு கூப்பிடுற? லாஸ்டன்னுதான். என் தம்பிய நீ கூப்பிட்ட மாதிரி ஒரு நாளாவது கூப்பிட்டியா? பேர நாங்க குடுத்தோம், நீ குடுக்கல. இப்ப வண்டிக்கு மட்டும் இவன் அப்பனா?"

அது பொய் இல்லை என்று லுயாண்டோவுக்கே தெரியும்.

"கூப்புடு. பயப்படாத, இவன் குடிசைக்கு உன்ன யாரும் வரச் சொல்லல. இவனுக்குப் பொண்டாட்டி இருக்கா. எங்க முன்னாடி ஒரு தடவ கூப்புடு, சாவிய நானே வாங்கித் தர்றேன். காசு வேணாம்."

புருஷனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினோரு வருடமும் 'சூல்வே அப்பா' தான். பெண் பிறக்கும் முன்பிருந்தே அப்படித்தான், முதல் பிள்ளைக்குச் சூல்வே என்று வைப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் வயலிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், இருட்டில் கூப்பிட்டிருக்கிறாள், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கண் திறக்கவில்லை என்றதும் கூப்பிட்டிருக்கிறாள். அதற்கப்புறம் யாரையும் கூப்பிடவில்லை. இந்தத் தறுதலையை அப்படிக் கூப்பிடுவதற்கு இருபத்தைந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம். ஆனால் அவளிடம் இருந்தது பதினெட்டு. தக்காளி பத்து நாளில் பழுத்துவிடும்.

மாமரத்தடியைப் பார்த்தாள். கோழி திரும்பவும் உள்ளே ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சூல்வே அப்பா" என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது. லாஸ்டன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது.

கிழவி கையை நீட்டினாள். அவன் சாவியை அதில் வைத்தான்.

முலேயாவின் பேட்டரிக்கு இன்னொரு தடவை கிளப்பத் தெம்பில்லை, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. லுயாண்டோ ஓட்டுநர் இருக்கையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முலேயா சைக்கிளைப் பின்னால் ஏற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"சூல்வே அப்பா! என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? வந்து தள்ளுங்க. திங்கக்கிழமை வீட்டுக்கு வாங்க, உங்க பொண்ணுக்குச் செருப்பு வாங்கணும். வரலன்னா நான் பெரியவங்களோட வருவேன்."

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பெயரை அவள் அதட்டியதில்லை.

லாஸ்டன் தள்ளினான். முற்றம் தாண்டி, மாட்டுப்பட்டி தாண்டி, பாதையின் இறக்கம்வரை தள்ளினான். எஞ்சின் பிடித்துக்கொண்டு அவன் முகத்தில் கரும்புகையைக் கக்கியது.

"என் ஆயுசுல இவ்வளவு மலிவா வண்டி வாங்குன ஆளப் பாத்ததில்ல தங்கச்சி" என்று முலேயா சிரித்தார்.

"மலிவா?" என்றாள் அவள். வாய் துருவைக் கடித்த மாதிரி கசந்தது. ஜன்னல் வழியாகத் துப்பினாள். தார்ச்சாலை வந்ததும் மறுபடி துப்பினாள். கசப்பு போகவில்லை.