இருபது ஸ்லைடுகளில் ஒன்று

லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர், கையிலிருந்த கிரீஸை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நான் வேலை பார்க்கும் லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். ஸ்லைடில் இருந்தது அவருடைய விரையிலிருந்து எடுத்த கடுகளவு சதை. ஆறு வருடமாகக் குழந்தைக்குக் காத்திருக்கிறோம். விந்தில் ஓர் அணுகூட இல்லை என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். சதைக்குள் எங்காவது ஒன்று முழுசாக உருவாகியிருந்தால் மேற்கொண்டு முயலலாம். இல்லையென்றால் அவ்வளவுதான்.

மனுஷன் உடைந்துபோவார் என்று கைக்குட்டையோடு நின்றேன். அவரோ பழுதான மோட்டாரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

“எங்க நிக்குது?” என்று என்னைக் கேட்டார்.

“அணுவா மாற வேண்டிய செல், ரெண்டா பிரியறதுக்கு முன்னாடியே நின்னுடுது. பிரியச் சொல்ல ஒரு புரோட்டீன் வரணும், சைக்ளின்னு பேரு. வந்திருந்தா பழுப்பா தெரியும். உங்களுக்கு எல்லாமே நீலம்.”

“அப்ப வண்டி ரெடி. சிக்னல்தான் வரல. ஏன் வரல?”

“யாருக்கும் சரியா தெரியாது.”

“தெரியாதா! இவ்வளவு படிச்சவங்க இருக்கீங்க!”

அவர் குரலில் வருத்தத்தைவிட ஆர்வம்தான் தூக்கலாக இருந்தது. ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏய், இங்க பாரு. இது மட்டும் பழுப்பு. பக்கத்துல சின்னதா ஒண்ணு, வாலோட.”

பார்த்தேன். இருந்தது. அல்லது வெறும் கீறல். மறுபடி பார்த்தால் வால் நீண்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் காணோம். பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்த கண், இப்படிக் காலை வாரிவிட்டது.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்லைடு யாருடையது என்று தெரிந்தவர் அதில் அணுக்களை எண்ணக்கூடாது. ஆசைப்பட்ட கண் இல்லாததையும் பார்த்துவிடும். அன்றைக்கு வந்த ஸ்லைடுகள் இவருடையதோடு சேர்த்து இருபது; மற்றவையும் இவரைப் போன்றவர்களுடையவைதான். எல்லாப் பெயர்கள் மேலும் பேப்பர் டேப் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கலைத்து ட்ரேயில் அடுக்கினேன்.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா சாப்பிட்டுவிட்டு வந்தார். ட்ரேயை இழுத்துக்கொண்டார்.

“நம்மது எது?” என்று வீட்டுக்காரர் காதருகே கேட்டார்.

“இப்ப எனக்கும் தெரியாது.”

வெளியே லிஃப்ட் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் நகரவில்லை. வாலைக் கண்டால் மட்டும் அக்கா பக்கத்திலிருக்கும் எண்ணிக்கைக் கவுன்ட்டரின் பொத்தானை டக்கென்று அழுத்துவார். ஆறு ஸ்லைடுகள் சத்தமில்லாமல் போயின. ஏழாவதில் அக்காவின் விரல் பொத்தானைத் தொட்டு, அழுத்தாமல் நின்றது.