வெளியிலிருந்து பூட்டிய கதவு

பழைய துறைமுகத்தின் கிடங்கு இன்று காட்சிக்கூடம். இறக்கிய சரக்குக்கெல்லாம் அங்கே விளக்கப் பலகை உண்டு. அதைச் சுமந்து ஒடிந்த முதுகுக்கு உண்டா? ஒரு வரியும் இல்லை!

அங்கே வழிகாட்டியாக இருப்பவனின் அத்தை, முதல்நாளே அவனிடம் கேட்டிருந்தாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். உன் மாமா அந்தக் கிடங்குக்குள்ளதான் வெந்து செத்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லுடா. போதும்."

"சொன்னா வேலை போயிடும் அத்தை. வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"உக்காரு. நான் சோறு போடுறேன்."

மறுநாள் கிடங்குக்குள் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் நின்றாள். கதவின் வெளிப்புறம் தொங்கிய பெரும்பூட்டை அவன் காட்டினான்.

"சரக்கு களவு போகாம இருக்க, வேலை நேரத்துல வெளியிலேர்ந்து பூட்டிடுவாங்க. என்ன பாதுகாப்பு பாருங்க!"

"எங்க மாமியார் வந்தா மாட்ட ஒண்ணு கிடைக்குமா?" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

சாவியைத் திருப்பிப் பார்க்க யாரையாவது அழைப்பது அவன் வழக்கம். அத்தை கையை நீட்டினாள்.

"வாங்க மேடம்."

மேடம்! அவள் இடுப்பில் ஏறி வளர்ந்தவன் வாயில் வந்த சொல் அது. அவள் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். கதவை இழுத்தாள். பூட்டினாள்.

உள்ளே முதலில் சிரிப்பு, பிறகு முணுமுணுப்பு, பிறகு கதவில் கைகள் மோதின.

"அத்தை! திறங்க அத்தை! மூச்சு முட்டுது!"

"உள்ளே என்ன நடந்துச்சு? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு!"

"தீப்பிடிச்சப்பவும் திறக்கல! முதலாளி திறக்க விடல! எங்க மாமா, கூட இருந்தவங்க, எல்லாரும் வெந்து செத்தாங்க!"

அவள் திறந்தாள். வியர்த்து வழிந்து வெளியே வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கைதட்டினார்கள்!

"அடேயப்பா, என்ன நடிப்பு! அந்தம்மா பிரமாதம்!"

சாவி அவள் உள்ளங்கையிலேயே கிடந்தது.

சில நாள் கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். வேலை போகவில்லை.

"நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு அத்தை. இனிமே வர்ற கூட்டத்தையெல்லாம் கொஞ்ச நேரம் பூட்டி வைக்கப் போறாங்க. உள்ளேர்ந்து கத்த நான். பூட்டறதுக்கு... உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க."

"உன் மாமா பேரைச் சொல்லுவியா?"

அவன் தரையைப் பார்த்தான். "பேரெல்லாம் வேணாமாம். முதலாளின்னும் சொல்லக் கூடாதாம். தீ மட்டும் போதுமாம்."

அத்தை எழுந்து போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து, தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"நல்லா சாப்பிட்டுப் போடா. கத்தறதுக்குத் தெம்பு வேணும்ல?"