சிப்பியில் இருந்தது வேறு

"பொருந்தல! ஜோவித், பொருந்தவே இல்ல!"

ஃபெலிசா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அப்பா அன்செல்மோ மூன்றாம் நாளாக வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்க, மகள் இலோஇலோ நகரத்து ஆய்வுக்கூடத்தில் துள்ளிக் குதித்தாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஞாயிறன்று வாந்தி, பேதி. திங்களன்று அப்பா போய்விட்டார். சனிக்கிழமை அண்ணி நெனிதா தன் கடைச் சிப்பியைச் சமைத்துப் போட்டிருந்தாள். மிச்சமிருந்த சிப்பியிலும் நோரோவைரஸ், அப்பாவிடமும் நோரோவைரஸ். ஊர் அதோடு தீர்ப்பை எழுதிவிட்டது. மாமனாரைக் கொன்றவள் கடைக்கு ஈ காக்கை கூட வரவில்லை. அண்ணன் ரோமுலோ பெண்டாட்டியின் முகத்தையே பார்ப்பதில்லை. ஆனால் அந்த வைரஸில் எத்தனையோ வகை உண்டு. இரண்டின் மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படித்தால்தானே உண்மை தெரியும்? தெரிந்துவிட்டது. சிப்பியில் இருந்தது வேறு வகை.

"அப்ப அப்பாவுக்கு எங்கேருந்துக்கா வந்துச்சு?" என்றான் உடன் வேலை செய்யும் ஜோவித்.

"இரு, எங்கிட்டேருந்து தப்பிச்சிருமா?"

அந்த மாதம் ஆய்வுக்கு வந்த மாதிரிகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டாள். கை பரபரத்தது. ஒன்று அச்சு அசலாகப் பொருந்தியது. "மாட்டிக்கிச்சு!" என்று கைதட்டினாள். அதற்குப் பிறகுதான் அது எங்கிருந்து வந்த மாதிரி என்று பார்த்தாள். அவள் மகள் கியாவின் பள்ளிக்கூடம்.

போன வெள்ளிக்கிழமை அப்பா நண்பர் ஒருவரின் சாவுக்குப் போய்த் திரும்பினார். சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போனால் ஆவி கூடவே வந்துவிடும். வழியில் எங்காவது ஏறி இறங்க வேண்டும். மகள் வீட்டில் ஏறினார். கியா வாந்தி எடுத்த விரிப்பை அப்போதுதான் ஃபெலிசா மாற்றியிருந்தாள். குழாயில் தண்ணீர் இல்லை. சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு, மாம்பழம் நறுக்கி அப்பாவுக்குக் கொடுத்தாள். சானிடைசருக்கு இந்த வைரஸ் சாகாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

ஜீப்னி வண்டியில் தொற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்கு ஓடினாள். சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. சாவு வீட்டு வழக்கப்படி, பெட்டிக்கு எதிரே சீட்டாட்டம் மும்முரமாக நடந்தது.

"அண்ணா, சிப்பி இல்ல! அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல! நூத்துக்கு நூறு நிச்சயம்!"

நெனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். ரோமுலோ சீட்டைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான். "அப்ப யாரு?"

"நான்தான்ணா. நான் குடுத்த மாம்பழம். கைய சோப்பு போட்டுக் கழுவல."

ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள். ரோமுலோவின் முகம் இறுகியது. நெனிதா எழுந்து வந்து, அவன் முன்னால் கிடந்த சீட்டுகளை வாரி எடுத்தாள்.

"என்ன எல்லாரும் வாயப் பாக்கறீங்க? சத்தம் இல்லன்னா மாமாவுக்குப் புடிக்காது. ஆடுங்க."

கட்டைக் கலைத்தாள். நான்கு பேருக்குப் போட்டவள், ஐந்தாவதாக ஃபெலிசாவின் முன்னாலும் ஒவ்வொரு சீட்டாக வைத்துக்கொண்டே போனாள்.