தோற்றுக் கொடுத்த சனிக்கிழமைகள்

நாலு பேர் காய் வைத்து ஆடும் மாஜாங் மேஜையில் கஜிதானி உட்கார்ந்தால் ஜெயித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஜப்பானில், கோபே நகரத்தில் ஒரு பெரிய கப்பல் கட்டும் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் அவர். எதிரே உட்காருகிறவர்கள் எல்லோரும் அவருக்குப் போல்ட்டோ பெயின்ட்டோ கயிறோ விற்க வந்தவர்கள். பிறகு எப்படித் தோற்பார்? அவர் ஜெயிப்பதன் ரகசியம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

போல்ட் கம்பெனியின் சார்பில் சனிக்கிழமை மதியங்களில் அவரிடம் தோற்பது நகுமோ செய்ஜியின் வேலை. கேட்டு வாங்கிய வேலை அது. ஒசாகாவில் இருந்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியில் வந்து சேர்ந்தான். கஜிதானியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னபோது, விட்டது சனி என்று ஆபீசே மூச்சு விட்டது. எதற்காக இவன் வலியப் போய்த் தலையைக் கொடுக்கிறான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எதற்காக என்பது அவன் அக்கா டோமியேவின் வீட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அக்காவின் கணவர் ஓரிபேதான் அவனுக்கு முன்னால் அதே கம்பெனிக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். ஒரு சனிக்கிழமை அவருக்கு அமைந்த கை அப்படி. கஜிதானி போட்ட காயை எடுத்து ஜெயித்துவிட்டார். போதாததற்குச் சிரித்தும் தொலைத்தார். கஜிதானி மேஜையைத் தட்டிவிட்டு, சிதறிய காய்களை மண்டிபோட்டுப் பொறுக்கச் சொன்னார். பொறுக்கி முடித்ததும், டீ கொடுக்கிற பெண் பார்த்துக்கொண்டு நிற்க, தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஓரிபே அதையும் செய்தார். செய்தும் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று. ஓரிபே வேலை போய் வீட்டுக்குப் போனார். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று இப்போது பொதுக் குளியல் கூடத்துக்குக்கூடத் திறக்கிற நேரத்துக்கே போய்விட்டு வருகிறார்.

கஜிதானியும் அப்படி ஒருநாள் நாலு பேர் நடுவில் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் நிற்க வேண்டும். செய்ஜிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மேஜையில் அவரை ஜெயித்துக் காட்டுவது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஜெயித்தால் அத்தானுக்கு நேர்ந்ததுதான் அவனுக்கும் நேரும். அதனால் ஜெயிக்கவே விட்டான். எப்போது ஜெயிக்க விட வேண்டும் என்பதை மட்டும் அவன் தேர்ந்தெடுத்துக்கொண்டான்.

மாஜாங்கில் மும்மூன்று காய்களாக வரிசை சேர்க்க வேண்டும். கையில் வட்டம் பொறித்த காய்களில் மூன்று, நான்கு, ஆறு இருக்கிறது, ஒன்றைக் கழித்தாக வேண்டும் என்றால் விவரம் தெரிந்த சின்னப் பிள்ளைகூட ஆறைத்தான் கழிக்கும். மூன்றும் நான்கும் இருந்தால் இரண்டு வந்தாலும் வரிசை, ஐந்து வந்தாலும் வரிசை. ஒவ்வொரு காயும் நாலு உண்டு, ஆக எட்டு வழி. மூன்றைக் கழித்துவிட்டு நான்கையும் ஆறையும் பிடித்துக்கொண்டால் ஐந்து வந்தால்தான் உண்டு. இருப்பதே நாலு, அதிலும் எத்தனை ஏற்கெனவே வெளியே போயிற்றோ தெரியாது. அகலமான வாசலை விட்டுவிட்டுச் சந்தில் போய் நிற்பவனை மாஜாங் தெரிந்தவர்கள் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

கஜிதானி சந்தில் நிற்கும்போதெல்லாம் செய்ஜி தன் கையை உடைத்தாவது அவருக்கு வேண்டிய காயைப் போட்டான். அவர் அகலமாக நின்றால் பட்டினி போட்டான். வேறு யாருக்காவது வேண்டிய காயைப் போட்டு அவர்களைச் சின்னதாக ஜெயிக்க வைத்து ஆட்டத்தையே முடித்துவிடுவான். யார் கையில் எது இருக்கிறது என்று மூன்று கைகளையும் படிக்காமல் இது நடக்காது. ஜெயிப்பதற்குக்கூட இவ்வளவு ஞானம் தேவையில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவான். அவன் மனைவி, வயிற்றில் ஏதோ கோளாறு என்று கஞ்சி வைத்துக் கொடுப்பாள்.

பாடம் ஏற ஏறக் கஜிதானிக்குக் கொள்கையே பிறந்துவிட்டது. அகலமாக நிற்பது பயந்தாங்கொள்ளிகளின் ஆட்டம் என்றார். காய் கழிக்கும் முன் மேஜையைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

"எண்ணி எண்ணிப் பாக்கறதெல்லாம் பொட்டிக்கடைக்காரன் வேலைப்பா நகுமோ. காய் வரும்னு வயித்துக்குத் தெரியணும். எனக்குத் தெரியுது, வருது. உனக்கு எங்க தெரியப்போவுது?"

எங்கே சார் தெரிகிறது என்று செய்ஜி தலையைச் சொறிந்தான். அவர் தட்டில் பொரித்த கறித்துண்டை எடுத்து வைத்து, விஸ்கியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். இப்படி மூன்று வருஷம் போயிற்று.

அந்த இலையுதிர் காலத்தில் கப்பல் கம்பெனித் தலைவரின் மாஜாங் போட்டி அரிமா வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு விடுதியில் நடந்தது. தலைவர் இஷ்ஷிகி எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். கஜிதானியை இயக்குநர் குழுவில் சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்யவிருந்த சமயம் அது. துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு விருந்தாளியை அழைத்து வரலாம் என்பது அந்தப் போட்டியில் வழக்கம். இவன் என் ராசிக்காரன் என்று செய்ஜியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார் கஜிதானி. தலைவரின் மேஜையிலேயே இருவருக்கும் இடம் கிடைத்தது. நாலாவது ஆள் மியோஷி என்ற மூத்த இயக்குநர். சுற்றிலும் கம்பெனி ஆட்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஆரம்பமே செய்ஜிக்கு எதிராகப் போயிற்று. சந்தில் நின்ற கஜிதானிக்கு வேண்டிய காய், மேஜை நடுவில் கவிழ்த்துச் சுவராக அடுக்கிய காய்களிலிருந்து அவர் கைக்கே வந்துவிட்டது, யாரும் போடாமல். பெரிய கை. மேஜை ஆகா என்றது. இத்தனை நாள் விழுங்கிய அவமானமெல்லாம் இந்த ஆளை இயக்குநராக்கத்தானா என்று நினைத்தபோது செய்ஜிக்குக் கண் இருட்டியது. ஆனாலும் அவன் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒழுங்காக ஆடினால் போதும். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒழுங்காக ஆடினான். கஜிதானிக்கு வேண்டிய காய்களைக் கையிலேயே வைத்துக்கொண்டான். அவருடைய புள்ளிகள் கரைய ஆரம்பித்தன.

"என்னப்பா, இன்னைக்கு உன் ராசி தூங்குதா?" என்று கஜிதானி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காதோரம் வியர்த்திருந்தது.

கடைசிக் கை வந்தது. பெரிதாக ஒன்று அடித்தால் அவர் இன்னும் முதலிடத்துக்கு வரலாம். பாதி ஆட்டத்தில் கஜிதானியின் கை ஒரு நொடி தயங்கி நின்றது. அந்தத் தயக்கம் செய்ஜிக்கு அத்துப்படி. கஜிதானி வட்டம் மூன்றைக் குறுக்காக வைத்தார். ரீச் என்று அறிவித்து, இன்னும் ஒரே காய்தான் பாக்கி என்பதற்கு அடையாளமான குச்சியை நடுவில் போட்டார். இனி கையை மாற்ற முடியாது.

அவர் ஐந்துக்கு நிற்கிறார் என்று செய்ஜிக்குத் தெரிந்துவிட்டது. மேஜையைப் பார்த்தான். மியோஷி கழித்த வரிசையில் வட்ட ஐந்துக் காய்கள் இரண்டு கிடந்தன. தலைவரின் வரிசையில் ஒன்று. நாலாவது, சுவரின் மேல் ஆரம்பத்திலேயே திருப்பி வைத்த காயாக எல்லோரையும் பார்த்து மல்லாந்திருந்தது. உலகத்தில் இல்லாத காய்க்காகக் கஜிதானி காத்துக்கொண்டிருந்தார்.

செய்ஜி காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டான். அவ்வளவு இனிப்பான நிமிஷங்களை அவன் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. மூன்றையும் நான்கையும் வைத்திருந்தால் கஜிதானி ஜெயித்திருக்கக்கூடிய வட்ட இரண்டை மியோஷி கழித்தார். தலைவரும் அதே காய் ஒன்றைக் கழித்தார். செய்ஜிக்கும் ஒன்று வந்தது. பூப் போல மேஜையில் வைத்தான். கஜிதானியால் எதையும் தொட முடியவில்லை. சுவரில் காய் தீர்ந்தது.

அப்படித் தீர்ந்தால் ரீச் சொன்னவர் கையைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினார். தலைவர் குனிந்து பார்த்தார்.

"மூணைப் போட்டுட்டு அஞ்சுக்கு நின்னீங்களா?"

"ஆமாங்கய்யா. அது என்னோட பாணி. அகலமா எவன் வேணா நிப்பான்."

"அஞ்சு எங்கெல்லாம் இருக்குன்னு பாத்தீங்களா?"

கிழவர் விரலை நீட்டி நாலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஆர்டர் போடும்போதும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு போடுவதா என்று மியோஷி மெல்லக் கேட்டார். கஜிதானியின் கழுத்து சிவந்தது. இன்று ஏதோ தவறிவிட்டது, இதே பாணியில் நூறு தடவை ஜெயித்திருக்கிறேன், வேண்டுமானால் இவனைக் கேளுங்கள் என்று செய்ஜியைப் பிடித்து இழுத்தார்.

எல்லோரும் செய்ஜியைப் பார்த்தார்கள். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டால் போதும். வேலை இருக்கும், ஆர்டர் இருக்கும், கஜிதானி இப்போது வாங்கிய அவமானமும் அப்படியே இருக்கும். வீட்டில் இரண்டு குழந்தைகள். அவர்களை அவன் நினைக்காமல் இல்லை.

"ஜெயிச்சார், ஐயா. நான் போட்டேன், அதனால ஜெயிச்சார்."

"வேணும்னேவா?" என்றார் தலைவர்.

"வேணும்னேதான். அகலமா நின்னா ஒரு தடவைகூடப் போட்டதில்ல. இப்படி ஆடறதுக்கு அவரைப் பழக்க மூணு வருஷம் ஆச்சு."

கஜிதானிக்குக் கோபம் வருவதற்கு முன்னால் வாய்தான் திறந்து நின்றது.

"உனக்கு நான் என்னடா பண்ணினேன்? வருஷா வருஷம் ஆர்டர் குடுத்தேனே."

"எனக்கு ஒண்ணும் பண்ணல சார். ஓரிபேக்குப் பண்ணினீங்க. அவர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

கஜிதானி விழித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"எந்த ஓரிபே?"

அவர் கத்துவார், மறுப்பார், அடிக்கக்கூட வருவார் என்று எல்லாவற்றுக்கும் செய்ஜி பதில் வைத்திருந்தான். வந்தது வேறு. ஒரு மனிதர் வெயிலில் தலைகாட்டாமல் கிடக்கிறார்; கிடக்க வைத்தவருக்குப் பெயர்கூட ஞாபகமில்லை. அவருக்கு நெஞ்சில் குத்த வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தீட்டிய கத்தி, குத்த நெஞ்சே இல்லாத இடத்தில் போய் நின்றது. காயை எடுத்து அந்த முகத்தில் எறியலாம் போலிருந்தது.

கஜிதானி எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க," என்றார் தலைவர். அவரைப் பார்க்கக்கூட இல்லை. "அவர் சொல்லட்டும். யாரு அந்த ஓரிபே?"

கஜிதானி உட்கார்ந்தார்.

செய்ஜி கையை முழங்காலில் வைத்துக்கொண்டான். ஓரிபே கோஹெய் என்று முழுப் பெயரையும் சொன்னான். எந்த ஊர்க்காரர், கம்பெனிக்கு எத்தனை வருஷம் உழைத்தார், அன்று எந்தக் காயில் ஜெயித்தார், மேஜைக்கு அடியில் தவழ்ந்து எப்படிப் பொறுக்கினார், நெற்றியைத் தரையில் வைத்தபோது பக்கத்தில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று ஒன்றைக்கூட விடாமல், அவசரப்படாமல் சொன்னான். நடுவில் கஜிதானி தலையைக் குனிந்துகொண்டபோது நிறுத்தினான். அவர் நிமிர்கிற வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.