கதவு மூடாமல் நகராத பேருந்து

கணினி விளையாட்டு விநியோகஸ்தர் தன் அலுவலகத்தில் அம்புக்குறி விசையை மூன்றாவது முறையாக ஓங்கிக் குத்தினார். திரையில் நின்ற பேருந்து அசையவே இல்லை.

“என்னம்மா, வண்டி படுத்துக்கிச்சு?”

“படுக்கல சார். கதவு தொறந்திருக்கு. ஆளுங்க ஏறிக்கிட்டிருக்காங்க,” என்றாள் தங்கை.

அவளும் அண்ணனும் மட்டுமே அந்த நிறுவனம். அண்ணன் நிஜப் பேருந்தின் ஓட்டுநர். வேலை முடிந்ததும் தையல்கடை மாடியில் இருந்த அவர்கள் அறைக்குப் போய், சீருடையைக்கூடக் கழற்றாமல், அவள் எழுதிய விளையாட்டை ஓட்டிப் பார்ப்பான். “இப்படி பிரேக் அடிச்சா நின்னுட்டு வர்றவங்க என் மடியிலதான் விழுவாங்க” என்பான். அவள் திருத்துவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. விளையாட்டை வெளியிட முன்வந்தவர் இந்த ஒருவர்தான்.

“இந்த ஏத்தி இறக்குற வேலையெல்லாம் தூக்கிடு. ரெண்டு பஸ் போட்டி போடட்டும், மோதட்டும், தீப்பிடிக்கட்டும். இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

அவளுக்கே சந்தேகம் வந்தது. மனுஷன் சொல்வது சரிதானோ? விற்றே தலை நரைத்தவர். நிறுத்தத்தில் நாற்பது நொடி காத்துக் கிடக்க எவன் காசு கொடுப்பான்? அண்ணனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் ஒரு பெண் பையோடு படியில் கால் வைத்தாள். அந்த ஒரு காலடிக்காகத் தங்கை பதினொரு முறை திருத்தி எழுதியிருந்தாள். போட்டி என்று வந்துவிட்டால் முதலில் அழிக்க வேண்டியது இவளைத்தான்.

“முடியாது சார்.”

“யோசிச்சுப் பேசு. பத்துப் பேருகூட வாங்க மாட்டான்.”

“ஒன்பது பேரு வாங்கட்டும். ஒழுங்கா ஓட்டுறவங்களா இருந்தாப் போதும்.”

“உனக்குத் திமிரு!”

“எங்க கம்பெனிக்கு மூலதனமே அது ஒண்ணுதான் சார்.”

கணினியிலிருந்து பிளாப்பி வட்டை உருவி உறையில் போட்டாள். இருவரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள்.

“கை நடுங்குது பாரு உனக்கு,” என்றான் அண்ணன்.

“நடுங்கட்டும். வாய் நடுங்கலையே.”

“அது என்னைக்கு நடுங்கிச்சு? சரி, இனிமே யாரு விப்பா?”

“நாமதான்.”

“நமக்கு வித்துப் பழக்கமே இல்லையே.”

“நீ மட்டும் பொறக்கும்போதே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டா வந்த?”

எதிர்ச்சாரியில் ஒரு கணினிக் கடை திறந்திருந்தது. அண்ணன் கலைந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டான். அதற்குள் அவள் சாலையில் இறங்கியிருந்தாள்.